புள்ளிப்பட்டியலும் பேரேடும்

2013 ஏப்ரல் கடைசியில், இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள டான்காஸ்டர் நகரின் இரண்டு கால்பந்து அணிகளின் தலையெழுத்து ஏறக்குறைய ஒரே சமயத்தில் முடிவானது. ஆண்கள் அணியான டான்காஸ்டர் ரோவர்ஸ் 46 ஆட்டங்கள் கொண்ட சீசனின் கடைசி ஆட்டத்தில் பிரென்ட்ஃபோர்டுடன் மோதிக்கொண்டிருந்தது. கூடுதல் நேரமும் கரைந்துகொண்டிருந்தபோது பிரென்ட்ஃபோர்டுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதே பந்தை எதிர்முனைக்குக் கொண்டுபோய் கோல் போட்ட ரோவர்ஸ், மூன்றாம் நிலை லீக்கின் சாம்பியனாகி மேலே ஏறியது. பெண்கள் அணியான டான்காஸ்டர் ரோவர்ஸ் பெல்ஸ் தன் சீசனில் அதுவரை ஆடியிருந்தது ஒரே ஓர் ஆட்டம். அடுத்த ஆண்டு அந்த அணி இரண்டாம் நிலையில்தான் ஆடும், முதல் நிலையில் அதன் இடம் மான்செஸ்டர் சிட்டிக்கு என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அறிவித்துவிட்டது. மிச்சமிருந்த 13 ஆட்டங்களையும் ஜெயித்துக் கோப்பையையே தூக்கினாலும் இந்த முடிவு மாறாது. பந்தியில் உட்காரவைத்து இலையும் போட்டுவிட்டு, முதல் கவளத்தோடு எழுப்பிவிட்ட மாதிரி. விளையாட்டில் பணம் புகுந்த பிறகு வந்த கோளாறு இது என்று சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்தில் யார் ஆடலாம் என்பதைக் கணக்குப் பேரேட்டைப் பார்த்து முடிவுசெய்யும் பழக்கத்துக்கு ஏறக்குறைய நூறு வயது. அந்தப் பேரேட்டில் 2013-இல் பெல்ஸ் ஏழையாகத் தெரிந்ததற்கே அந்தப் பழைய பழக்கம்தான் காரணம்.

பெல்ஸின் பிறப்பிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1969-இல், ரோவர்ஸ் ஆடும் பெல் வியூ மைதானத்தில் ஆட்ட நாட்களில் 'கோல்டன் கோல்' குலுக்குச் சீட்டு விற்றுக்கொண்டிருந்த பெண்கள் சேர்ந்து தொடங்கிய அணி அது. மைதானத்தின் பெயரிலிருந்தே அணியின் பெயரும் வந்தது. அவர்கள் சீட்டு விற்ற அந்த மைதானத்தில் அன்று பெண்கள் ஆடக் கூடாது. சங்கத்தில் உறுப்பாக உள்ள எந்த ஆண்கள் கிளப்பும் தன் மைதானத்தைப் பெண்களுக்குத் தரக் கூடாது என்ற 1921-ஆம் ஆண்டுத் தீர்மானம் அப்போதும் நடப்பில் இருந்தது. சீட்டு விற்றுக் கிளப்புக்குப் பணம் சேர்க்கலாம், புல்லில் காலை வைக்க முடியாது. சவுத் யார்க்‌ஷயரின் நிலக்கரிச் சுரங்கங்களும் ரயில் எஞ்சின் பட்டறைகளும் சூழ்ந்த ஊர் டான்காஸ்டர். அணிக்கு வந்தவர்களும் உழைக்கும் வீட்டுப் பெண்கள். வாரம் முழுக்க வேலை, மாலையில் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். செலவு அவரவர் கையிலிருந்து. இப்படிப்பட்ட அணி 1983-க்கும் 1994-க்கும் இடையில் பெண்களுக்கான தேசியக் கோப்பையை ஆறு முறை வென்றது. அதன் நடுக்கள ஆட்டக்காரர் கில்லியன் கோல்டார்டு இங்கிலாந்துக்காக 100 ஆட்டங்களைத் தாண்டிய முதல் பெண். தொழிற்சாலை வேலையோடுதான் அந்தக் கணக்கு நிரம்பியது. 1991-இல் பெண்களுக்கான முதல் தேசிய லீக்கைத் தொடங்கியதும் சங்கமல்ல, பெண்கள் கால்பந்துக்கென்று தனியே இயங்கிய அமைப்பு. எட்டு அணிகள், ஆளுக்கு 14 ஆட்டங்கள். பெல்ஸ் 14-ஐயும் வென்றது. ஒரு சமநிலைகூட இல்லை. அதே சீசனில் கோப்பையும் அவர்களுக்கே. ஒரு தேசிய லீக்கின் முதல் சீசனே இப்படி முழுமையாக ஓர் அணியின் கைக்குள் வருவது அபூர்வம். அடுத்த ஆண்டு ஆர்சனல் வென்றது. 1993-94-இல் பட்டம் மறுபடி டான்காஸ்டருக்கு வந்தது. பின்னாளில் பிபிசி எடுத்த ஒரு தொலைக்காட்சித் தொடருக்கும் இந்த அணியே தூண்டுதல். தொடரில் நடித்தவர்களுக்குச் சம்பளம் உண்டு. அவர்கள் யாரைப் பார்த்து நடித்தார்களோ, அவர்களுக்கு ஆடியதற்குச் சம்பளம் இல்லை.

1921-க்குப் போகலாம். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரெஸ்டன் நகரின் டிக், கெர் தொழிற்சாலைப் பெண்கள் ஓர் அணி அமைத்து, காயம்பட்ட படைவீரர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் நிதி திரட்ட ஆடத் தொடங்கினார்கள். போர் முடிந்தும் கூட்டம் குறையவில்லை, பெருகியது. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் நகரின் கூடிசன் பார்க்கில் அவர்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் உள்ளே இருந்தார்கள். இடமில்லாமல் வெளியே நின்று திரும்பியவர்களும் ஆயிரக்கணக்கில். அடுத்த டிசம்பருக்குள் தடை வந்தது. அந்தத் தீர்மானத்தின் முதல் பாதி எல்லாருக்கும் தெரிந்தது: கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாத ஆட்டம், அதை ஊக்குவிக்கக் கூடாது என்பது. யாரும் அதிகம் பேசாத இரண்டாம் பாதிதான் இங்கே முக்கியம். வசூலில் மிக அதிகமான பங்கு செலவுக்கே போய்விடுகிறது, தருமக் காரியத்துக்குப் போதிய அளவு சேரவில்லை என்று அது குறை சொன்னது. உடலுக்கு ஆகாது என்ற வாதம் மட்டும் போதவில்லை போலிருக்கிறது, துணைக்கு ஒரு கணக்கு வழக்கும் தேவைப்பட்டது. ஆண்கள் கிளப்புகளின் வசூலில் எவ்வளவு தருமத்துக்குப் போயிற்று என்று அதே தீர்மானம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பெரிய மைதானம் போனால் டிக்கெட் வசூல் போகும். வசூல் போனால் பயிற்சியாளர், மருத்துவர், இளையோர் அணி எல்லாம் போகும். பெண்கள் பூங்காக்களிலும் ரக்பி மைதானங்களிலும் ஆடினார்கள். 1970-களின் தொடக்கத்தில் தடை முழுவதும் நீங்கியபோது, நிலமும் நிதியும் ரசிகரும் ஐம்பது ஆண்டுகளாகச் சேராத ஒரு விளையாட்டு மிச்சமிருந்தது. இதற்காகச் சங்கம் மன்னிப்புக் கேட்டது 2008-இல்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2011-இல், அதே சங்கம் மகளிர் சூப்பர் லீக்கைத் தொடங்கியது. இதில் சேரப் புள்ளி வேண்டாம், விண்ணப்பம் வேண்டும். தேர்வான எட்டு அணிகளில் பெல்ஸும் ஒன்று. 2014 முதல் இரண்டாம் நிலை ஒன்றையும் சேர்க்க முடிவானபோது எல்லா கிளப்புகளும் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்லப்பட்டன. நிதி நிர்வாகம், மைதான வசதி, விளம்பரமும் வணிக வளர்ச்சியும், ஆட்டக்காரர்களும் இளையோர் பயிற்சியும் என நான்கு தலைப்புகளில் அவற்றை எடைபோட்டார்கள். இவற்றில் எது 1921 தடையால் சூறையாடப்படாதது என்று கேட்டால் பதில் கிடைப்பது கடினம். ஆண்கள் கிளப்பின் செல்வத்தை ஒட்டி நிற்கும் அணிக்கு இந்த நான்கும் சேர்ந்தே வந்துவிடும். சிட்டி வந்த வழியும் அதுதான். அந்த சீசனில் சிட்டி ஆடிக்கொண்டிருந்தது சூப்பர் லீக்குக்கு அடுத்த நிலையில். அங்கே முதலிடம் பிடித்தது சண்டர்லாண்ட். ஒருவரை ஏற்றத்தான் வேண்டும் என்றால், பட்டியல்படி அந்த இடம் சண்டர்லாண்டுக்குரியது. அவர்களுக்குக் கிடைத்ததோ இரண்டாம் நிலை. பெல்ஸ் மேல்முறையீடு செய்தது, பலிக்கவில்லை.

சங்கத்தின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. சம்பளம் தர முடியாத கிளப்பை மட்டும் வைத்துத் தொழில்முறை லீக் நடத்த முடியாது. பெண்கள் வேலைக்குப் போய்க்கொண்டே ஆட வேண்டியிருந்ததை வீரகதையாகப் பாடிக்கொண்டிருப்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சுகம், ஆடியவர்களுக்கு அல்ல. சிட்டி 2016-இல் தோல்வியே காணாமல் லீக்கை வென்றது. 2022-இல் ஐரோப்பியப் போட்டியின் இறுதியாட்டத்தில் இங்கிலாந்துப் பெண்கள் வென்றதைப் பார்க்க வெம்பிளியில் 87,192 பேர் கூடினார்கள். கிளப்புகளுக்குள் வந்த பணத்துக்கும் இந்த வளர்ச்சிக்கும் தொடர்பில்லை என்று வாதிடுவது வீம்பு. ஆனால் நிதி உறுதிதான் அளவுகோல் என்றால் அந்த அளவுகோல் சரியாக அளந்ததா என்று பார்க்க வேண்டும். 2013-இல் பெல்ஸைத் தள்ளிய அதே தேர்வில் தேறியது நாட்ஸ் கவுண்ட்டி. லிங்கன் நகரின் பெண்கள் அணியை நாட்டிங்காமுக்கு இடம்பெயர்த்து, பெயரையும் மாற்றி உருவான கிளப் அது. 2017 ஏப்ரலில், சீசன் தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது அதை இழுத்து மூடினார்கள். இதற்கு முன்னுதாரணங்களும் சங்கத்தின் கண்ணெதிரே இருந்தன. 2000-இல் ஐரோப்பாவிலேயே முதலாவதாகப் பெண்களுக்கு முழுநேரச் சம்பளம் கொடுத்த ஃபுல்லம், மூன்றே ஆண்டில் பின்வாங்கியது. 2007-இல் ஆண்கள் அணி தரமிறங்கியதும் செலவைக் குறைக்க சார்ல்ட்டன் முதலில் கைவிட்டது பெண்கள் அணியை. பணக்கார வீட்டுத் திண்ணை அகலமானதுதான், ஆனால் வீட்டுக்காரருக்குக் கை கடித்தால் முதலில் காலியாவது திண்ணை. 1969 முதல் தடைக்கும் சுரங்க மூடலுக்கும் தப்பிய ஓர் அணியின் நாற்பது ஆண்டுத் தாக்குப்பிடிப்பை உறுதி என்று எழுத அந்தப் பேரேட்டில் ஒரு பத்தி இல்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது: பெல்ஸ் எப்படியும் பட்டியலின் அடியில்தானே இருந்தது, பழைய புகழுக்காக இடம் ஒதுக்க வேண்டுமா? உண்மைதான், 2013 சீசனை அவர்கள் கடைசி இடத்தில் முடித்தார்கள். முதல் வாரமே தீர்ப்பு வாசிக்கப்பட்ட அணியின் அந்த சீசனைத் திறமைக்குச் சான்றாகக் காட்டுவது நேர்மையல்ல. அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளைப் பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும். 2011, 2012 இரண்டிலும் எட்டாவதாக, கடைசியாக முடித்தது பெல்ஸ் அல்ல, லிவர்பூல். அப்போது தரமிறக்கம் என்ற விதியே இல்லாததால் லிவர்பூல் அப்படியே தங்கியது. அதற்குள் கிளப் பணத்தை இறக்கியது, புதிய ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தது, 2013-இல் ஆர்சனலின் தொடர் வெற்றியை முறித்துச் சாம்பியனானது. அடிமட்டத்தில் இருந்தவர்களுக்குப் பொறுமை காட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அந்தப் பொறுமை யாருக்குக் கிடைத்தது என்பதில்தான் விஷயம். இடம் எட்டுத்தான், வேறு வழியில்லை என்ற சமாதானமும் நிற்காது. 2016-இல் முதல் நிலையில் ஒன்பது அணிகள் ஆடின. அந்த ஒன்பதில் ஒன்று, இரண்டாம் நிலையிலிருந்து ஆடியே ஏறி வந்த பெல்ஸ். அந்த ஆண்டு அவர்கள் கடைசியாக வந்து மறுபடி இறங்கினார்கள். ஆடித் தோற்று இறங்கியது அது. 2013-இல் நடந்ததை அதோடு சேர்த்து எண்ண முடியாது.

2018-இல் நடந்தது, பழைய கதை முடியவில்லை என்பதைக் காட்டியது. முதல் நிலைக்கு முழுநேரத் தொழில்முறை அணிகள் மட்டும், வாரம் குறைந்தது 16 மணி நேரப் பயிற்சி என்று சங்கம் விதியை மாற்றி, மீண்டும் எல்லாரையும் விண்ணப்பிக்கச் சொன்னது. 2017-18 சீசனில் இரண்டாம் நிலையின் சாம்பியன் பெல்ஸ். அவர்களுக்கு மேலே இடம் வரவில்லை. இரண்டாவதாக வந்த பிரைட்டன் மேலே போனது. மூன்றாம் நிலையில் இருந்த வெஸ்ட் ஹாம் ஒரே தாவலில் முதல் நிலையில் போய் உட்கார்ந்தது. இதற்குள் முதல் நிலையை எட்டியிருந்த சண்டர்லாண்ட் அங்கிருந்து மூன்றாம் நிலைக்கு உருண்டது. 2005-இல் தன் பெண்கள் அணியைக் கலைத்துவிட்டு அதன் பிறகு முதன்மைப் பெண்கள் அணியே இல்லாதிருந்த மான்செஸ்டர் யுனைட்டெட், ஓர் ஆட்டமும் ஆடாமல் இரண்டாம் நிலையில் நேரே நுழைந்தது. அந்த நிலையின் சாம்பியனான பெல்ஸ் அதே கோடையில், ஜூலையில், செலவு தாங்காது என்று விலகிக்கொண்டது. சீசன் தொடங்கியபோது அவர்கள் ஆடியது நான்காம் நிலையில்.