தாவும் நாயும் முட்டி வைத்தியமும்

“வீட்டுக்கு வர்றவங்க மேலெல்லாம் பாயுது சார்.” நாய் பழக்கப் போகும் வீடுகளில் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். கூடவே யாராவது யோசனையும் சொல்வார்கள்: “முட்டியை மடக்கி நெஞ்சுல ஒரு இடி விடுங்க, அப்புறம் கிட்டவே வராது.” இந்த வைத்தியம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், ஜெர்மனியின் காவல்துறையில் போய் நிற்போம்.

சார்புருக்கன் நகரக் காவல் அதிகாரி கொன்ராட் மோஸ்ட் 1906இல் போலீஸ் நாய்களைப் பழக்கத் தொடங்கினார். தன் முறையை 1910இல் நூலாக எழுதினார். நாயைச் சரியான நொடியில் பாராட்டினால் என்ன பலன் என்பதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர் அவர். ஆனாலும் சங்கிலியைச் சுண்டிக் கட்டாயப்படுத்துவதே அந்த முறைக்கு அடிப்படை. திருடனைப் பிடிக்கவும் போர்முனைக்குப் போகவும் தயாரான நாய்கள் அவை. வாசலில் விருந்தாளியை வரவேற்கும் வேலை அவற்றுக்கு இல்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அந்த முறை வீட்டுக்குள் வந்தது. அந்தப் போரில் அமெரிக்க ராணுவ நாய்களைப் பழக்கிய வில்லியம் கோலர், பிறகு டிஸ்னி படங்களுக்கு விலங்குகளைப் பழக்கினார். 1962இல் வந்த அவருடைய நூல் ஏராளமான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. தாவினால் முட்டியால் இடி, பின்னங்கால் விரலை மிதி, சங்கிலியைச் சுண்டு என்பதுதான் அந்தத் தலைமுறைப் பயிற்சியாளர்களின் பாடம்.

இதற்கு ஓநாய் ஆராய்ச்சியும் துணைக்கு வந்தது. அடைப்பில் வளர்ந்த ஓநாய்களைக் கவனித்த ருடால்ஃப் ஷெங்கல், அவற்றின் தலைமைச் சண்டைகளைப் பற்றி 1947இல் எழுதினார். டேவிட் மெக் 1970இல் எழுதிய நூல் அந்தக் கருத்தை ஊரெங்கும் கொண்டுசேர்த்தது. மேலே தாவும் நாய் உங்களை அடக்கப் பார்க்கிறது என்று பயிற்சியாளர்கள் சொல்லத் தொடங்கினார்கள். அதே மெக், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 1986 முதல் காட்டு ஓநாய்களை அருகிலிருந்து பார்த்தார். ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான் என்று 1999இல் எழுதித் தன் பழைய கருத்தைத் தானே திருத்தினார்.

அந்தக் குடும்பத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வேட்டையாடித் தின்ற ஓநாய் திரும்பி வருகிறது. குட்டிகள் ஓடிப்போய் அதன் வாயோரத்தை நக்குகின்றன, மூக்கால் குத்துகின்றன. பெரிய ஓநாய் வயிற்றிலிருந்த இறைச்சியைக் கக்கிக் கொடுக்கிறது. முகத்தை நக்கி வரவேற்கும் இந்தப் பழக்கம் நாய்க்கும் உண்டு. நம் முகமோ ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. எட்ட வேண்டுமானால் தாவத்தான் வேண்டும். பாசத்தோடு வருகிற பிராணியைத்தான் இத்தனை காலம் முட்டியால் இடித்திருக்கிறோம்.

முட்டி வைத்தியம் பரவிய காலத்திலேயே மாற்று வழியும் பிறந்துவிட்டது. பரிசு கொடுத்து விலங்குகளைப் பழக்கும் விதத்தை உளவியலாளர் ஸ்கின்னர் 1951இல் பொதுமக்களுக்காக ஒரு கட்டுரையில் விளக்கினார். ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர், 1984இல் வந்த தன் நூலால் அந்த வழியை நாய் வளர்ப்பவர்களிடம் கொண்டுவந்தார். டால்பினுக்குச் சங்கிலி போட முடியாது. மீன் கொடுத்துத்தான் வேலை வாங்க வேண்டும்.

நான் வீடுகளில் சொல்லித்தருவதும் இதைத்தான். நாயின் முன்னங்கால் எழும்பும்போதே திரும்பி நில்லுங்கள். பேசாதீர்கள், கையால் தள்ளாதீர்கள். தள்ளுவது அதற்கு விளையாட்டு. நான்கு காலும் தரையில் பட்ட அந்த நொடியே குனிந்து, அதன் மூக்குக்குக் கீழே பிஸ்கெட்டைக் கொடுத்து, நெஞ்சைத் தடவுங்கள். பிறகு ஆள் வந்தால் உட்காரப் பழக்குங்கள். உட்கார்ந்திருக்கும் நாயால் தாவ முடியாது. முதல் சில நாட்கள் முன்னைவிட அதிகமாகத் தாவும். இதுவரை பலித்த தந்திரம் திடீரென்று பலிக்காததால் வரும் வேகம் அது. அங்கே விட்டுக்கொடுத்துவிட்டால் பழக்கம் இன்னும் இறுகிவிடும்.

தாத்தா பாட்டியும் சின்னப் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் பெரிய நாய் தாவுவது ஆபத்து. அதை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் அப்பா திரும்பி நிற்க, மகன் கொஞ்சித் தூக்க, நாய் யார் பேச்சைக் கேட்கும்? நாயைப் பழக்கும் முன் வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து ஒரே முடிவுக்கு வாருங்கள்.