கோழிக்குப் பின்பக்கம் தள்ளிடுச்சா? மருந்தைத் தேடுறதுக்கு முன்னாடி பஞ்சாரத்தைத் தேடுங்க!

கொல்லையில மேயுற கோழியோட வால் பக்கம் சிவப்பா, ஈரமா ஒரு சதை தொங்குதா? பார்த்ததும் குடல் வெளியே வந்துடுச்சுன்னுதான் பதறுவீங்க. பெரும்பாலும் அது முட்டைக் குழாயோட கடைசிப் பகுதி. கோழிக்கு எச்சமும் முட்டையும் வர்றது ஒரே வாசல்தான். முட்டை போடும்போது உள்சதை ஒரு நொடி வெளியே வந்துட்டு, தானா உள்ளே போயிடும். அது இயல்பு. போகாம அங்கேயே நின்னாதான் பிரச்னை.

அனந்தபுரத்துல வீட்டுக்குப் பின்னாடி நாலு கோழி வெச்சிருந்தாலும் சரி, சென்னையில மொட்டை மாடியில வளர்த்தாலும் சரி, முதல் வேலை ஒண்ணுதான். அந்தக் கோழியை உடனே தனியா பிரிச்சு, பஞ்சாரத்துல போட்டு மூடுங்க. சிவப்பா எதைப் பார்த்தாலும் கொத்துறது கோழிகளோட குணம். ரத்தம் வந்துட்டா விடவே விடாது. நோயில சாகறதுக்கு முன்னாடி, கூட மேய்ஞ்ச கோழிகளே கொத்திக் கொன்னுடும். மருந்து வாங்கப் போறவங்க பலரும் கோட்டை விடுற இடம் இதுதான்.

அப்புறம் நிறத்தைப் பாருங்க. இளஞ்சிவப்பா, பளபளன்னு இருந்தா சதைக்கு உயிர் இருக்கு. கறுத்து, காய்ஞ்சு, நாற்றம் அடிச்சா கைவைக்காதீங்க. நேரா டாக்டர்கிட்ட போங்க. உள்ளே முட்டை சிக்கியிருக்கிற மாதிரி கெட்டியா தட்டுப்பட்டாலும் அப்படித்தான். அழுத்தி உடைச்சுட்டா ஓடு உள்ளேயே கிழிச்சிடும்.

சதை நல்லா இருந்தா வீட்டுலயே முயற்சி பண்ணலாம். கொதிக்கவெச்சு ஆறவெச்ச அரை லிட்டர் தண்ணியில ஒரு டீஸ்பூன் உப்பு கலந்து, வெதுவெதுப்பா இருக்கும்போது ஊத்திக் கழுவுங்க. துணியால தேய்க்க வேணாம். வீங்கியிருந்தா தேன் அல்லது சர்க்கரையைக் குழைச்சுத் தடவி 15 நிமிஷம் விடுங்க. சதையில இருக்குற நீரை இழுத்து, வீக்கத்தைக் குறைக்கும். கையுறை மாட்டி, விரல்ல தேங்காய் எண்ணெய் தொட்டு, மெதுவா உள்ளே தள்ளி ஒரு நிமிஷம் பிடிச்சிருங்க. ஒருத்தர் கோழியைத் துணியில சுத்திப் பிடிச்சுக்கிட்டா சுலபம். முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கை கழுவணும்.

மூல நோய்க் களிம்பு தடவச் சொல்லி வீடியோக்கள் வருது. சில களிம்புகள்ல மரத்துப்போற மருந்து இருக்கும். பறவைகளுக்கு அது ஆபத்தாகலாம். நாம போடுற வலி மாத்திரையும் வேண்டாம்.

உள்ளே தள்ளினதோட வேலை முடிஞ்சிடாது. அடுத்த முட்டைக்கு முக்கும்போது திரும்பவும் வெளியே வந்துடும். அதனால சில நாள் முட்டை போடுறதையே நிறுத்தணும். முட்டை உற்பத்தியைத் தூண்டுறது வெளிச்சம். பண்ணைகள்ல 16 மணி நேரம் வரைக்கும் விளக்கு எரியறது அதுக்குத்தான். இதையே திருப்பிப் போடுங்க. ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல வெளிச்சம் படாம, காத்தோட்டமான இருட்டு மூலையில ஒண்ணு ரெண்டு வாரம் வைங்க. தண்ணி எப்பவும் இருக்கணும். தீனி கொஞ்சமா, கூடவே நறுக்கின கீரை. ரெண்டு தடவைக்கு மேல வெளியே வந்தா கால்நடை மருத்துவர் சுத்தித் தையல் போடுவார். அவசரத்துக்கு 1962-க்கு போன் பண்ணலாம். ஆனா ஒரு கோழிக்காக வண்டிக்குக் காத்திருக்கிறதைவிட, கூடையில வெச்சு பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோறது வேகமா நடக்கும்.

ஏன் வருது? வயசுக்கு வராத விடைக்கோழி சீக்கிரமே முட்டைக்கு வந்தா, முட்டை பெருசா இருந்தா, கோழி கொழுத்துப்போனா வரும். செஞ்சி பக்கம் கடலை விளையுற பூமி. கடலையும் புண்ணாக்கும் தாராளமா இறைச்சு வளர்த்தா கொழுப்பு சேரும். வெறும் நொய்யை மட்டும் போட்டா சுண்ணாம்புச்சத்து பத்தாது. ஒரு முட்டை ஓட்டுல மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கு. சுண்ணாம்புச்சத்து குறைஞ்சா தசைக்கு முட்டையைத் தள்ளுற பலமும் குறையும். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்துல வைங்க, தேவையானதைக் கோழியே எடுத்துக்கும். சிறுவிடை, பெருவிடை மாதிரி நாட்டுக்கோழிகளைவிட, நிறைய முட்டைக்காகவே உருவாக்கின ரகங்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். பண்ணையில கழிச்சுவிட்ட முட்டைக்கோழியை மலிவா வாங்கி வளர்க்குறவங்க இதை எதிர்பார்த்தே வாங்கணும்.

ஒருமுறை வந்த கோழிக்குத் திரும்ப வர வாய்ப்பு உண்டு. டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தா, எத்தனை நாள் கழிச்சு அதோட முட்டையையும் கறியையும் சாப்பிடலாம்னு அங்கேயே கேட்டுக்கோங்க. மருந்துக்கு மருந்து அந்தக் கணக்கு மாறும்.