பந்தும் ஏரியும்



மாமல்லபுரம் போகும் வழியில் பேரன் கேட்டான்: "தாத்தா, கோல்ஃப் பந்து வந்து நம்ம கார் கண்ணாடியை உடைச்சா யார் காசு குடுக்கணும்?"

1922இல் இங்கிலாந்தில் அப்படியே ஒரு வழக்கு. உடைந்த டாக்சிக் கண்ணாடியால் ஓட்டுநருக்கு ஒரு கண் போயிற்று. சாலையில் அடிக்கடி பந்து விழுந்தும் ஆடவிட்டதால், ஆட்டக்காரரோடு கிளப்பும் பொறுப்பு என்றது தீர்ப்பு.

அதற்கு முன்பே நம் சென்னை மாகாணத்தில், கார்வேட்டிநகரம் ஜமீன் ஏரிகள் பெருமழையில் உடைந்து ரயில் பாதையைச் சேதப்படுத்தின. மதராஸ் ரயில்வே நஷ்டஈடு கேட்டது. 1874இல் பிரிவி கவுன்சில் மறுத்துவிட்டது: ஏரியைக் காப்பது ஜமீனின் கடமை, வெள்ளாமையே அதை நம்பித்தான், கவனக்குறைவும் இல்லை. ஏரி மாவட்டமான செங்கல்பட்டுக்காரன் எனக்கு அது நியாயமாகவே படுகிறது. கோல்ஃப் இல்லாமல் எந்த ஊர் பட்டினி கிடந்தது?

பேரன் யோசித்தான். "அப்போ தெருவுல நாங்க ஆடுற கிரிக்கெட்?"