சாந்தன்: மீண்டும் மேடையேறிய குரல்

ஈழத்து எழுச்சிப் பாடகர் எஸ்.ஜி. சாந்தனின் இயற்பெயர் குணரத்தினம் சாந்தலிங்கம். கோயில் மேடைகளிலும் நாடகங்களிலும் பாடிப் பழகிய குரல் அது. ‘இந்த மண் எங்களின் சொந்த மண்’ என்ற பாடல் அக்குரலை வன்னியின் ஒவ்வொரு வீட்டுக்கும், பின்னர் புலம்பெயர் தேசங்களுக்கும் கொண்டுபோனது.

2009 மே மாதத்துடன் அந்த மேடை இல்லாமற்போனது. அவர் பாடிய பல பாடல்களை எழுதிய கவிஞர் புதுவை இரத்தினதுரை, படையினரிடம் சரணடைந்த பின் காணாமல் ஆக்கப்பட்டார். பழைய ஒலிநாடாவை வீட்டில் வைத்திருக்கவே சனம் பயந்த காலம் அது.

உயிர்தப்பிய சாந்தன், தொடங்கிய இடத்துக்கே திரும்பினார். கோயில் திருவிழாக்களில் பக்திப் பாடல்கள் பாடினார். எழுச்சிப் பாடகர் இப்படிப் பாடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: எல்லாம் இழந்த பிறகும் தன் தொழிலைக் கைவிடாமல் சனத்தின் முன் வந்து நின்றதே மீட்சி.

ஆனால் சிறுநீரக நோய் அவரை விடவில்லை. 2017 பெப்ரவரி 26 அன்று யாழ்ப்பாணத்தில் காலமானார்.

நான் செய்தி சேகரிக்கப் போகும் வன்னிக் கிராமங்களில், ஒருகாலத்தில் மேடைகளில் வாத்தியம் வாசித்தவர்கள் இன்று கூலி வேலைக்குப் போகிறார்கள். அஞ்சலிக் கூட்டத்துக்குச் சேரும் பணத்தில் ஒரு பங்கு, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே மருந்துச் செலவுக்குப் போய்ச் சேர வேண்டும்.