முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும்: பழவேற்காட்டு ஏரியின் மற்றொரு வரலாறு

பழவேற்காடு என்றதும் நம் நினைவுக்கு வருபவை மரக்காயர்களின் கப்பல்களும் டச்சுக்காரர்களின் கோட்டையும்தான். 1613ஆம் ஆண்டில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இவ்வூரே. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கோட்டை அழிந்துவிட்டது, அகழியும் முட்புதரும் எஞ்சியுள்ளன. பெரிய பள்ளிவாசலும் சின்னப் பள்ளிவாசலும் இன்றும் தொழுகையாளிகளால் நிறைகின்றன.

இந்த வரலாற்றை நாம் பலமுறை படித்திருக்கிறோம். ஆனால் கப்பல்கள் வருவதற்கு முன்பும், அவை போன பின்பும், அதே முகத்துவாரத்தின் வழியே வேறொரு போக்குவரத்து ஓயாமல் நடந்துவருகிறது. தம் இனம் அற்றுப்போகாதிருக்க இறாலும் மீனும் நண்டும் செய்யும் பயணம் அது. இவ்வூரின் அடுப்புகள் எரிந்ததும் அந்தப் பயணத்தால்தான்.

பழவேற்காட்டு ஏரி இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவர, கடல் உப்புநீரைக் கொண்டுவருகிறது. இரண்டும் கலக்கும் இந்த நீர்தான் குஞ்சுகளின் தொட்டில்.

வெள்ளை இறாலை எடுத்துக்கொள்வோம். தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது. ஒரே முறையில் இலட்சத்துக்கும் மேல் இடக்கூடியது. அவற்றை அது சுமப்பதுமில்லை, காப்பதுமில்லை. ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நீரோட்டத்தில் மிதக்கின்றன. சில வாரங்களில் பல உருமாற்றங்களைக் கடந்து, ஏற்றநீரோடு முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் நுழைகின்றன. அங்கே சில மாதங்கள் சேற்றிலும் பாசியிலும் மேய்ந்து வளர்ந்து, வற்றுநீரோடு மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. மடவை மீனும் ஏரியில் வளர்ந்து கடலில் சினையிடுகிறது. தாய் நண்டு முட்டைக் கொத்தை வயிற்றின் அடியில் சுமந்துகொண்டு கடலை நாடிச் செல்கிறது.

கரையிலுள்ள உயிர்களின் வழிகள் வேறு. பங்குனி ஆமை மணலில் குழி தோண்டி நூறு முட்டைகள் அளவில் இட்டு மூடிவிட்டுப் போய்விடுகிறது. மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. ஏரிக்கு வடமேற்கே நேலப்பட்டில் கூடு கட்டும் கூழைக்கடா ஒரு சில முட்டைகளே இடுகிறது. ஆனால் தாயும் தந்தையும் மீன் கொண்டுவந்து குஞ்சுகளை ஊட்டி வளர்க்கின்றன. அலையாத்தி மரமோ விதையைத் தாய்மரத்திலேயே முளைக்கச் செய்து, பிறகுதான் சேற்றில் உதிர்க்கிறது. அலை அடித்துச் செல்லும் இடத்தில் வேரூன்ற அவகாசம் குறைவு அல்லவா?

எண்ணிக்கையால் பிழைப்பவை சில. பராமரிப்பால் பிழைப்பவை சில. பூமியில் ஊர்வனவும் இறக்கை விரித்துப் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருக்குர்ஆன் ஆறாம் அத்தியாயம் உணர்த்துகிறது. பழவேற்காட்டுக் கரையில் நின்று பார்ப்பவருக்கு இக்கருத்து கண்முன் விரிகிறது. எனினும் எந்தச் சமுதாயத்துக்கும் வழி ஒன்று வேண்டும். இறாலுக்கு முகத்துவாரம், ஆமைக்கு மணல், கூழைக்கடாவுக்கு மரம். வழி அடைபட்டால் இலட்சம் முட்டைகளும் பயனற்றவை.

இதனைக் கரையோர மீனவர்கள் அறிந்தே இருந்தனர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் தலைமுறைகளாக நிலவிவந்தது ‘பாடு’ முறை. இறால் கடலுக்குத் திரும்பும் ஓடைகளில் கழி நட்டுச் சுத்து வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டுப் பகிர்ந்து, முறை வைத்து மாற்றிக்கொண்டனர். இன்று நல்ல இடம் பெற்றவர் மறுமுறை சுமாரான இடத்துக்குப் போவார். சண்டையின்றிப் பங்கிடுவதே இதன் நோக்கம். ஆனால் யார், எங்கே, எப்போது வலை கட்டலாம் என்ற வரம்பு இருந்ததால், ஓடை முழுவதும் வலையால் அடைபடவில்லை. ஒரு பகுதி இறால் தப்பிக் கடல் சேர்ந்தது. அம்முறையில் குறையும் உண்டு. அது குறிப்பிட்ட சமூகத்தின் தலைக்கட்டுகளுக்கே உரியது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் போன்றோருக்கு அந்தச் சீட்டில் இடமில்லை.

பின்னர் ஏற்றுமதிச் சந்தையில் இறாலின் விலை உயர்ந்தது. கரையோரங்களில் இறால் பண்ணைகள் பெருகின. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரபு வழிப் பண்ணைகள் நீங்கலாக, சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கக் கூடாது என்றது. 2005ஆம் ஆண்டின் சட்டம் உரிமம் பெற்ற பண்ணைகளுக்கு வழிவிட்டது. பறவைகளுக்காக ஏரியின் தமிழகப் பகுதி 1980இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்தது. சட்டங்கள் இவ்வாறு வந்துகொண்டிருக்க, முகத்துவாரத்தில் மணல் சேர்ந்துகொண்டிருந்தது.

மணல்மேடு முகத்துவாரத்தை அடைக்கும் கோடையில் ஏரிநீர் வற்றி, கடலைக் காட்டிலும் உப்பேறுகிறது. வெளியே பிறந்த குஞ்சு உள்ளே வர இயலாது. உள்ளே வளர்ந்தது வெளியே போக இயலாது. படகும் அப்படியே கரையில் நிற்கும். முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. அண்மைய ஆண்டுகளில் அதற்காக இருபுறமும் கற்சுவர் எழுப்பும் பணியை அரசு மேற்கொண்டது.

இதில் நமக்கும் பங்குண்டு. பொடி இறால் மலிவாகக் கிடைக்கிறது என்று கூடை கூடையாக வாங்குவது, கடல் சேர வேண்டிய ஒரு தலைமுறையை வழியிலேயே முடித்துவிடுவதாகும். சினை மடவையைத் தேடித் தேடி வாங்குவதும் அத்தகையதே. நம் முன்னோர் இந்த முகத்துவாரத்தின் வழியே வந்து இறங்கினர்; திறந்திருந்த வழியால் வாழ்ந்தனர். மற்ற சமுதாயங்களுக்கும் அவ்வழி திறந்திருக்கட்டும் என எண்ணுவது நம் கடமை. நம் பிள்ளைகளின் தட்டில் நாளையும் ஏரி இறால் இருக்க வேண்டுமானால், இன்று அதன் குஞ்சு கடல் சேர வேண்டும்.