வேகத்துக்குக் கொடுத்த விலை: புரோட்டான் ஃபிளாஷ் சிகிச்சையும் பிராக் முகடும்

புரோட்டான் சிகிச்சையின் பெருமையே புரோட்டான் நிற்கும் இடத்தில்தான் இருக்கிறது. எக்ஸ் கதிர் உடலுக்குள் நுழைந்து மறுபுறம் வெளியேறும். புரோட்டானோ தன் ஆற்றலின் பெரும்பகுதியைப் பயணத்தின் கடைசியில், பிராக் முகடு எனப்படும் குறுகிய இடத்தில் கொட்டிவிட்டு நின்றுவிடும். 1946இல் இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் இதை மருத்துவத்துக்குப் பரிந்துரைத்தது இந்தப் பண்பை நம்பித்தான். ஆனால் 2020 நவம்பரில் அமெரிக்காவின் சின்சினாட்டியில், கதிரை நொடிக்கும் குறைவான நேரத்தில் செலுத்தும் புரோட்டான் ஃபிளாஷ் முறை மனிதர்களிடம் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டபோது, அந்த முகடு நோயாளியின் உடலுக்கு அப்பால் விழுந்தது. 250 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய கற்றை நீரில் ஏறத்தாழ 38 செ.மீ. பாயும். கைகால் எலும்பு அதற்கு வெறும் வழித்தடம்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? புரோட்டான்களை முடுக்கும் சைக்ளோட்ரான் ஒரே ஆற்றலில்தான் கற்றையை வெளியிடும். கற்றை குறைந்த ஆழத்தில் நிற்க வேண்டுமானால் வழியில் தடுப்புப் பொருளை வைத்து ஆற்றலைக் குறைக்க வேண்டும். அப்போது புரோட்டான்கள் சிதறி, பெரும்பகுதி நோயாளியை எட்டாமலே போகும். கூடவே வேகமும் போய்விடும். ஃபிளாஷுக்கோ வேகம்தான் உயிர். வழக்கமான சிகிச்சை நிமிடத்துக்குச் சில கிரே (திசு ஏற்கும் கதிரின் அலகு) என்ற கணக்கில் நடக்கும். ஃபிளாஷ் நொடிக்கு 40 கிரேக்கு மேல் கேட்கும். அந்த வீதத்தில் 8 கிரே கொடுக்க 0.2 நொடி போதும்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. 2014இல் பிரான்சின் கியூரி நிறுவனத்தில் ஃபவோடோன், வொசெனின் குழுவினர் எலிகளின் மார்பில் 17 கிரே எலக்ட்ரான் கதிரைச் செலுத்தினர். மெதுவாகக் கொடுத்தபோது நுரையீரல் நாராகித் தடித்தது. மின்னல் வேகத்தில் கொடுத்தபோது தடிக்கவில்லை. புற்றுக்கட்டியோ இரண்டு முறைகளுக்கும் ஒரே மாதிரி பணிந்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தினர் 2020இல் எலியின் குடலில் புரோட்டானைக் கொண்டும் இத்தகைய பாதுகாப்பைக் கண்டனர். இதன் காரணம் இன்னும் தெளிவாகவில்லை. திடீர்க் கதிரால் திசுவின் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது என்பது பழைய விளக்கம். அளந்து பார்த்தவர்களோ, தீரும் ஆக்சிஜன் அதற்குப் போதாத அளவே என்கின்றனர்.

சின்சினாட்டிச் சோதனையில் 10 நோயாளிகள். எலும்புக்குப் புற்று பரவி வலித்த 12 இடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே தடவையில் 8 கிரே. 8 இடங்களில் வலி குறைந்தது. பக்கவிளைவுகள் பெரும்பாலும் இலேசானவை. நல்ல செய்திதான். ஆனால் 8 கிரே ஒரே தடவை என்பது வலி தணிக்க வழக்கமான கதிர்வீச்சிலும் கொடுக்கும் அளவே. ஒப்பிட ஒரு குழுவும் அதில் இல்லை. ஆகவே அது நிறுவியது, இந்தக் கருவியால் இந்த வேகத்தில் மனிதருக்குச் சிகிச்சை தர முடியும் என்பதை மட்டுமே. ஃபிளாஷ் விளைவு மனிதத் திசுவைக் காக்கிறது என்பதை அது நிறுவவில்லை; நிறுவ முயலவுமில்லை. ஆய்வாளர்கள் அடக்கமாகத்தான் எழுதினார்கள். செய்தித்தாள்கள்தாம் அப்படி எழுதவில்லை.

இன்னொரு சிக்கல், ‘நொடிக்கு 40 கிரே’ என்பது எதன் அளவு என்பது. புரோட்டான் கற்றை பென்சில் முனைபோல் புள்ளி புள்ளியாக நகர்ந்து புலத்தை நிரப்புகிறது. ஒரு திசுப்புள்ளி தன்மேல் விழும் கற்றையிலிருந்து மட்டுமன்றி, அக்கம்பக்கப் புள்ளிகளின் விளிம்பிலிருந்தும் கதிர் பெறும். இவற்றுக்கு இடைப்பட்ட நேரத்தை எப்படிக் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே சிகிச்சை ஃபிளாஷ் ஆகவும் இருக்கலாம், ஆகாமலும் போகலாம். வரையறை ஒன்றாகாமல் இரு மையங்களின் முடிவுகளை ஒப்பிடுவதில் பொருளில்லை.

இனி விலைக்கு வருவோம். முகட்டை இழந்தால், கட்டிக்குப் பின்னால் முன்பு கதிரே படாதிருந்த திசு இப்போது முழுக் கதிரையும் வாங்குகிறது. ஃபிளாஷ் கேட்டைக் குறைக்கலாம், அதைப் பூச்சியமாக்காது. கட்டிக்கு முன்னாலுள்ள திசு பெறும் இலாபம் பின்னாலுள்ள திசுவின் நட்டத்தை ஈடுசெய்தால்தான் இந்தப் பேரம் கட்டுப்படியாகும். கைகாலில் கட்டுப்படியாகலாம், மூளைத்தண்டுக்கு அருகில் கட்டுப்படியாகுமா என்பது ஐயமே. எனவே கற்றையை முழு ஆற்றலில் நோயாளி வரை கொண்டுவந்து, அங்கே மேடுபள்ளங்கள் கொண்ட வடிகட்டி ஒன்றால் கட்டியின் வடிவுக்கு ஏற்ப நிறுத்தும் வழியே சரியான திசை என்பது என் கருத்து. முகட்டுப் பகுதியிலும் எலிக்குடல் காக்கப்பட்டதைப் பென்சில்வேனியாக் குழு 2021இல் காட்டியிருக்கிறது.

இதற்கிடையே ஓர் எச்சரிக்கை வந்தது. மூக்கில் புற்று கொண்ட பூனைகளுக்கு எலக்ட்ரான் ஃபிளாஷ் முறையில் ஒரே தடவையில் 30 கிரே கொடுத்தார்கள். 7 பூனைகளில் 3இன் மேல்தாடை எலும்பு, சிகிச்சைக்கு 9 முதல் 15 மாதங்கள் கழித்து அழுகியது. சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. அளவு பெரிது என்பது உண்மை. 8 கிரேயோடு அதை ஒப்பிட முடியாது. ஆனால் காலத்தைக் கவனிக்க வேண்டும். சின்சினாட்டி நோயாளிகளைக் கண்காணித்த இடைநிலைக் காலம் 4.8 மாதங்கள்.