கலப்பு முருக்கின் கதை

கல்யாண முருங்கையைத் தெரியாத தமிழர் நம் பக்கத்தில் இருக்க முடியாது. கொல்லை வேலியில் முள்ளும் முரடுமாக நிற்கும். இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நிற்கும் காலத்தில் கிளை நுனிகளில் ரத்தச் சிவப்பாகப் பூக்கும். முருக்கு, முள்முருங்கை, கவிர் என்று அதற்குப் பல பெயர்கள். சளி பிடித்தால் இலையை அரைத்து அடை தட்டுவோம். கல்யாணம் வந்தால் கொம்பு வெட்டி வந்து பந்தலில் நடுவோம். அழகுக்காக அதை வீட்டு முற்றத்தில் வளர்க்கலாம் என்று மட்டும் நமக்குத் தோன்றவில்லை.

அந்த எண்ணம் தோன்றிய இடங்களில் ஒன்று ஆஸ்திரேலியா. சிட்னிக்குத் தென்மேற்கே காம்டன் பார்க் என்னும் பண்ணையில் வில்லியம் மக்கார்தர் என்பவர் பெரிய தோட்டம் வைத்திருந்தார். முருக்கு இனத்தைச் சேர்ந்த இரண்டு செடிகளை அங்கே கலந்தார்கள். ஒன்று வட அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து வந்த புதர். மற்றொன்று தென் அமெரிக்காவின் மரம். அதன் பூ 1942 முதல் அர்ஜென்டினாவின் தேசிய மலர். 1840-களின் தொடக்கத்தில் பிறந்த இந்தக் கலப்புப் பிள்ளை புதருமல்ல, பெரிய மரமுமல்ல; நீண்ட கதிர்களில் ஆழ்ந்த சிவப்பாகப் பூத்தது. 1847-இல் ஆங்கிலத் தாவர அறிஞர் லிண்ட்லி அதற்குப் பெயரிட்டார். தோட்டம் மக்கார்தருடையது, பெயரோ ஜான் கார்ன் பிட்வில் என்பவருடையது.

யார் இந்தப் பிட்வில்? 1815-இல் இங்கிலாந்தில் பிறந்து, 1838-இல் சிட்னிக்கு வந்தவர். செடிகளின் மேல் பைத்தியம். 1847-இல் சிட்னி தாவரப் பூங்காவின் தலைமைப் பதவி அவருக்குக் கிடைத்தது. ஆனால் லண்டனிலிருந்த அதிகாரிகள் அதே பதவிக்கு சார்லஸ் மூர் என்பவரை நியமித்துவிட்டார்கள். மூர் 1848-இல் கப்பலில் வந்து இறங்க, பிட்வில் இறங்கிக்கொண்டார். ஈடாக, வடக்கே காட்டுப் பிரதேசத்தில் ஒரு நில அதிகாரி வேலை கொடுத்தார்கள். அங்கே பாதை வகுக்கப் போனவர் வழி தவறி, எட்டு நாள் உணவின்றி அலைந்தார். உயிரோடு மீண்டார், உடல் மீளவில்லை. 1853-இல், 38 வயதில், காலமானார். பதவி போயிற்று, பூவில் பெயர் நின்றது.

கலப்புச் செடிக்கு ஒரு குறை உண்டு. விதை போட்டால் அதே செடி வருமென்று நம்ப முடியாது. கொம்பை வெட்டி நட்டுத்தான் பெருக்க வேண்டும். ஒருவர் ஒடித்துக் கொடுக்க, மற்றொருவர் நட்டு வளர்க்க, அப்படியேதான் அது கடல் கடந்து பரவியது. நம் கல்யாண முருங்கையின் குணமும் இதுதானே? பந்தலில் நட்ட கொம்பு துளிர்ப்பதைப்போல வம்சமும் துளிர்க்கட்டும் என்றுதான் பெரியவர்கள் அதைத் தேர்ந்தார்கள்.

சங்கரன்கோவிலுக்கு மரத்தின் அருமையைச் சொல்லித் தரவேண்டியதில்லை. புன்னைவனத்துப் புற்றிலிருந்து எழுந்த கோயில் என்பது ஊர்க் கதை. ஆனால் நம் கரிசலில் முருக்கு வகை எதையும் அப்படியே நட்டால், ஐப்பசி மழையில் நீர் கட்டி வேர் அழுகும். செம்மண்ணும் மணலும் கலந்து மேடு கட்டி, நாள் முழுதும் வெயில் படும் இடத்தில் நட வேண்டும். பூத்து ஓய்ந்ததும் கிளைகளைக் கழித்துவிட்டால் புதுத் தளிர் விட்டு மறுபடி பூக்கும்.

இந்த இனத்துக்கே அண்மையில் ஓர் ஆபத்து வந்தது. கொசுவைவிடச் சிறிய ஒரு குளவி, இளந்தளிரில் முட்டையிட்டு, இலையையும் குருத்தையும் கழலைகளாக வீங்க வைக்கும். சிங்கப்பூர், மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளில் கண்டு 2004-இல் அதற்குப் பெயர் சூட்டினார்கள். இரண்டே ஆண்டுகளுக்குள் கேரளத்தில் மிளகுக் கொடிக்குத் துணை நின்ற முருக்குகளையும் பிடித்துக்கொண்டது. ஹவாய்த் தீவினர், தங்கள் நாட்டு முருக்கு அழியாதிருக்க, அந்தக் குளவியைத் தின்னும் மற்றொரு குளவியை ஆப்பிரிக்காவிலிருந்து தேடிக் கொணர்ந்து 2008-இல் பறக்க விட்டார்கள்.

மனிதர் செய்த கலப்பு மரத்தைக் காப்பாற்ற மனிதர் வேண்டும் என்பது தெரிந்ததே. தானாக முளைக்கும் நம் வேலி முருக்குக்கும் இப்போது மனிதர் வேண்டியிருக்கிறது. சிமெண்டுச் சுவர் வந்து வேலி போய்விட்டால், பந்தலுக்குக் கொம்பு எங்கிருந்து வரும்? கல்யாணம் முடிந்ததும் அந்தக் கொம்பைக் குப்பையில் எறியாமல், கொல்லையில் ஒரு மூலையில் ஊன்றி வையுங்கள். அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு ஆகும்.